ஒரு நிமிஷம் முட்டியைப் பார்த்திருக்கக் கூடாதா, மாஸ்டர்?

"காது அழுக்குக்குப் போய் வெளியே அனுப்பிட்டாங்களாமே?"

இந்தக் கேள்வியை இந்த மாதத்தில் எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள் என்று கணக்கே இல்லை. மளிகைக் கடைக்காரர் கேட்கிறார். பால் ஊற்றுகிற அக்கா கேட்கிறார். ஐந்து வருடமாக எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத பெரியப்பா, இதற்கென்றே போன் போட்டுக் கேட்கிறார். ஆமாம், ராணுவத்தில் சேரப் போன என் தம்பி காதில் அழுக்கு இருந்தது. காதைச் சுத்தம் செய்துவிட்டு வாருங்கள் என்று ராணுவ ஆட்சேர்ப்பு அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள், நாங்கள்தான் கவனிக்கவில்லை. அது சொட்டு மருந்து விட்டு எடுத்ததும் போய்விட்டது. ஆனால் மெடிக்கல் தாளில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: நாக் நீ. அதாவது, முட்டி இரண்டும் ஒட்டி, கணுக்கால் விலகி நிற்கிற கால். அதை எவரும் கேட்பதில்லை, அது என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் அதுவரை தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள், தம்பிக்குப் பயிற்சி கொடுத்த அகாடமி மாஸ்டர், மாதாமாதம் 5,500 ரூபாய் வாங்கி எண்ணிப் பையில் வைத்த ஆள், இருபது மாதமாக வாயே திறக்கவில்லை.

இருபது மாதம். 1,10,000 ரூபாய். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். ஓவர்டைம் பார்த்து, தீபாவளி போனஸைத் தொடாமல் வைத்திருந்து, அம்மாவின் தோட்டை ஒரு முறை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. தம்பி விடிகாலை நாலரைக்கு எழுந்து கிரவுண்டுக்குப் போவான். மழைக்கும் லீவு கிடையாது, மார்கழிப் பனிக்கும் கிடையாது. 1.6 கிலோமீட்டரை ஆரம்பத்தில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடியவன், கடைசியில் ஐந்தரை நிமிடத்துக்குள் வந்தான். புல்லப்ஸ் மூன்றில் தொங்கி நின்றவன் பத்து போட்டான்.

2023-லிருந்து ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற முறையை மாற்றிவிட்டார்கள். முதலில் கணினித் தேர்வு, அதற்கு 250 ரூபாய் கட்டணம். அதில் தேறினால்தான் ரேலிக்கு, அதாவது உடல்திறன் பார்க்கிற முகாமுக்கு, அழைப்பு. தம்பி தேறினான். ரேலியில் ஓட்டத்துக்கு முழுசாக 60 மார்க், புல்லப்ஸுக்கு 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டினான், வளைந்து வளைந்து போகும் கட்டையில் விழாமல் நடந்தான். உயரம் 166 சென்டிமீட்டர் வேண்டும், இவன் 168. நெஞ்சு 77, மூச்சை இழுத்தால் இன்னும் ஐந்து விரிய வேண்டும், அதுவும் விரிந்தது. அன்று சாயங்காலம் போனில், "அக்கா, மெடிக்கல் மட்டும்தான் பாக்கி" என்றான். அந்த "மட்டும்தான்" என்ற வார்த்தையை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மறுநாள் ஜட்டியோடு வரிசையில் நிற்க வைத்திருக்கிறார்கள். பல்லுக்குக் கூட மார்க் உண்டாம், மொத்தம் 22, குறைந்தது 14 வேண்டும். கையை நீட்டச் சொல்லி முழங்கை எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறார்கள். உள்ளங்கை ரொம்ப வியர்த்தால் பிரச்சினை. காலில் நரம்பு சுருண்டிருந்தால் பிரச்சினை. இவனுக்கு முன்னால் நின்ற பையன் திருவிழாவில் தோளில் சிங்கம் பச்சை குத்திக்கொண்டவன். முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ பச்சை இருந்தால் பரவாயில்லை, தோளில் இருந்தால் கிடையாது. அவனும் ஏதோ ஒரு அகாடமியில் பணம் கட்டிப் படித்தவன்தானாம். சட்டை இல்லாமல் தினமும் ஓடிய பையனின் தோள் அங்கே ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா?

அப்புறம் தம்பியின் முறை. நேராக நில், முட்டி இரண்டும் லேசாகத் தொடட்டும் என்றிருக்கிறார் டாக்டர். அப்படி நிற்கும்போது இரண்டு கணுக்கால் எலும்புக்கும் நடுவே இடைவெளி 5 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தம்பிக்கு ஏழு. அவ்வளவுதான். மேல்பரிசோதனைக்கு ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். நானும் இரண்டு நாள் லீவு போட்டுக் கூடப் போனேன். அங்கேயும் எலும்பு டாக்டர் அளந்தார். காது சரி, முட்டி அன்ஃபிட்.

இதில் எனக்கு ராணுவத்து மேலோ அந்த டாக்டர் மேலோ கோபம் இல்லை. முதுகில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டிய கால் எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவு ரகசியமும் இல்லை. என் கோபமெல்லாம் அது தெரிந்திருந்தும் பையனை ஓடவிட்டு வேடிக்கை பார்த்தவர்கள் மேல்தான்.

எங்கள் கம்பெனிக்குத் துணி வந்தால் முதலில் விரித்துப் பார்ப்போம். ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, சாயம் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கட்டிங்குக்குப் போகும். வெட்டி, தைத்து, அயர்ன் பண்ணி, அட்டைப்பெட்டியில் போட்ட பிறகு "துணியில ஓட்டைங்க" என்று எவனாவது சொன்னால் அன்றோடு அவனுக்கு வேலை போய்விடும். ஒரு பனியனுக்கு இருக்கிற மரியாதை என் தம்பிக்கு இல்லையா? சேர்க்கும் நாளில் நிற்க வைத்து ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதுமே! டேப் ஒன்று போதும். பாதம் தட்டையா என்று பார்க்க அதுகூட வேண்டாம், ஈரக் காலோடு தரையில் நடக்கச் சொன்னாலே ஓரளவு தெரிந்துவிடும். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவக்காரர்கள் இருக்கிற ஊரில் பிறந்திருந்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தாத்தா ஒருவரே பார்த்துச் சொல்லியிருப்பார். எங்கள் ஊரில் அப்படி ஆள் இல்லை. அதனால்தானே காசு கொடுத்து மாஸ்டரிடம் விட்டோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதே டேப் தினமும் பத்து மணி நேரம் என் கழுத்தில்தான் தொங்குகிறது. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

மாஸ்டருக்கு போன் போட்டேன். "அதெல்லாம் அங்க போனாத்தானுங்க தெரியும்" என்றார். இருபது மாதமாக தினமும் அவர் கண் முன்னால் ஓடிய கால் அது. அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "பையன் நல்ல பையனுங்க, விட்றாதீங்க. போலீஸ் பேட்ச் ஆரம்பிக்கிறோம், உங்களுக்குப் பாதி பீஸ்தான்" என்றார். தமிழ்நாடு போலீஸில் எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு உயரம் 170 சென்டிமீட்டர் வேண்டும். இவன் 168. இந்த முறை நான் தேடிப் பார்த்து வைத்திருந்தேன். "சார், உயரம் எவ்வளவு வேணும்னு தெரியுமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் தொங்கினா ஏறிடுமுங்க" என்றார். போனை வைத்துவிட்டேன். வைக்காமல் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இந்தப் பேச்சையெல்லாம் நம்பவைக்க போனில் வீடியோ வேறு. தொடைக்கு நடுவில் தலையணையை வைத்துக் கட்டு, முப்பது நாளில் முட்டி விலகும் என்கிறார் ஒருவர். எண்ணெய் விற்கிறார் இன்னொருவர். எலும்பு டாக்டரிடமே கேட்டேன். வளர்கிற வயதில் பார்த்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், எலும்பு வளர்ந்து முடிந்த பிறகு உடற்பயிற்சியால் அதன் கோணம் மாறாது, ஆபரேஷன்தான் வழி என்றார். நாலு வருட அக்னிவீர் வேலைக்கு, அதிலும் கடைசியில் நூற்றில் 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்கிற வேலைக்கு, நல்லா ஓடுகிற காலை வெட்டி ஒட்டவா?

தம்பி இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. நாலரைக்கு எழுந்து பழகிய உடம்பு, அந்த நேரத்துக்கே விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பான். போன வாரம் ஒரு நாள் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்று வேலைக்குப் போகும்போது தேடினால் என் இன்ச் டேப்பைக் காணோம்.

சாயங்காலம் மாஸ்டரே கூப்பிட்டார். இந்த முறை குரலில் தணிவு இல்லை. "ஏனுங்க, உங்க தம்பி கிரவுண்டுக்கு வந்து புதுப் பசங்களை எல்லாம் நிக்க வச்சு முட்டிய அளந்துட்டு இருக்கானுங்க. ரெண்டு பேரு பீஸ் கட்டாம வீட்டுக்குப் போயிட்டாங்க. சொல்லி வைங்க."

டேப் இருபது ரூபாய்தான். நான் வேறு வாங்கிக்கொண்டேன்.