ஓடி முடித்த பிள்ளைக்குச் சோறு போடுங்கள்

அந்த வீடியோவை இன்று காலையும் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "லாக்டிக் அமிலம் விஷம், தசையில் தேங்கி நிற்கும், அழுத்தித் தேய்த்து வெளியேற்று, பயிற்சி செய்த நாளில் அரிசியைத் தொடாதே." அதற்குக் கீழே அத்தனை கைதட்டல். நான் மரியாதையாகப் போட்ட பின்னூட்டத்துக்கு வந்த பதில், "சோத்து டீச்சருக்கு சயின்ஸ் எதுக்கு?" சரி, சோத்து டீச்சராகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

லாக்டேட், அதாவது அந்த லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம், கழிவு இல்லை, எரிபொருள். வேகமாக ஓடும்போது தசை தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனை உடைக்கிறது, அதில் லாக்டேட் உண்டாகிறது. பெரும்பகுதியைத் தசை நார்களும் இதயமும் எடுத்து எரித்துக்கொள்கின்றன. ஒரு பங்கு ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய் மறுபடி குளுக்கோஸாகிறது. இந்தச் சுழற்சியைச் சொன்னவர்கள் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி. கிளைகோஜன் ஆய்வுக்காக 1947இல் நோபல் பரிசு வாங்கியவர்கள். நேற்று முளைத்த சங்கதி இல்லை இது.

எவ்வளவு கடுமையாக ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் லாக்டேட் ஏறக்குறைய பழைய அளவுக்கு இறங்கிவிடும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலித்தால் அதற்குக் காரணம் தசை நாரில் ஏற்பட்ட நுண்ணிய சேதம். தேய்த்தால் இதமாக இருக்கிறது என்பீர்கள். தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். விஷம் இறங்குகிறது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் என் கோபம் வலியைப் பற்றியது இல்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு என்னிடம் பயிற்சிக்கு வரும் ஒரு பெண், 800 மீட்டர் ஓடுகிறவள், இந்த வீடியோவைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறாள். சாயங்காலம் இரண்டாவது சுற்றில் கால் கனத்து, கோட்டைத் தாண்டியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. பையில் காலையில் கட்டிய டிபன் பாக்ஸ். திறந்தால் சோறு அமுக்கியது அமுக்கியபடி இருக்கிறது, குப்பென்று புளித்த வாடை. விடியுமுன் மீன் எடுக்கப் போகிற அம்மா, அதற்கும் முன்னால் எழுந்து வடித்த சோறு அது.

தீர்ந்த கிளைகோஜன் சும்மா நிரம்பாது. லாக்டேட்டிலிருந்து திரும்பக் கிடைப்பது கொஞ்சம்தான், மற்றதெல்லாம் தட்டிலிருந்து வர வேண்டும். 1966இல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ராம், ஹல்ட்மன் என்ற இருவர் ஒரு காலால் மட்டும் சைக்கிள் மிதித்து, பிறகு மாவுச்சத்தாகச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். உழைத்த காலில்தான் கிளைகோஜன் அதிகம் சேர்ந்தது, சும்மா இருந்த காலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஓடி முடித்த தசைதான் குளுக்கோஸை வேகமாக இழுக்கும். அந்த நேரத்தில் பட்டினி போடச் சொல்கிறார் இந்த வீடியோக்காரர்! காலை, மாலை இரண்டு வேளையும் ஓடுகிறவர்களுக்கு முதல் சில மணி நேரம், எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் வீதம் மணிக்கு மணி மாவுச்சத்து தேவை. 45 கிலோ பெண்ணுக்கு மணிக்கு 45 கிராம். ஒரு கிண்ணம் சோறு, வேறென்ன?

"ஊரெல்லாம் சர்க்கரை வியாதி, நீங்க அரிசிக்கு வக்காலத்தா?" என்று கேட்பீர்கள். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியதை, தினமும் மைதானத்தைச் சுற்றி ஓடுகிற பிள்ளையிடம் ஏன் சொல்கிறீர்கள்? "நீங்க டாக்டரா?" இல்லை. அந்த வீடியோக்காரரும் இல்லை. எனக்குப் பொறாமை என்று எழுதியவர்களுக்குப் பதில் சொல்ல மனசில்லை.

பெண்பிள்ளை என்றால் சாப்பிடாதே என்று சொல்ல ஆயிரம் பேர் வருகிறார்கள். இடுப்பைப் பார், கன்னத்தைப் பார், நாளைக்கு யார் கட்டிக்குவான் என்று வீட்டிலேயே ஆரம்பிக்கிறது. அதையெல்லாம் தாண்டி ஓட வந்தவளிடம், இப்போது அறிவியல் பேரைச் சொல்லியும் தட்டைப் பிடுங்குகிறார்கள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நாளையிலிருந்து காலைப் பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் என் கண் முன்னால் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போவார்கள். விடிகாலையில் கட்டிக்கொடுக்க முடியாத வீடு இருந்தால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். சேர்த்து வடித்து எடுத்து வருகிறேன்.