செட் ஆகலை!

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்கிற வினைச்சொல்லுக்கு மட்டும் சுமார் 430 அர்த்தங்கள். சென்னைக்கு அது போதவில்லை!

தி.நகரில் சட்டை எனக்கு ‘செட் ஆகாதாம்’. மேஸ்திரியைக் கேட்டால் கான்கிரீட் இன்னும் ‘செட் ஆகலை சார்’. வீட்டில் தயிரும் அப்படியே. செட் தோசை கேட்டால் ஒரு கடையில் இரண்டு, இன்னொன்றில் மூன்று. (அதையாவது செட் பண்ணக்கூடாதா?) பெண் பார்த்துவிட்டு வந்த பெரியம்மாவின் தீர்ப்பும் ‘செட் ஆகாது’தான். ஏன், ஜாதகமா, சம்பளமா, என் மூக்கா? சொல்ல மாட்டார். ஆறு மாதம் நாயாய் அலைந்து கிடைத்த வேலையைத் தம்பி மூன்றே நாளில் விட்டுவிட்டு வந்து நிற்கிறான். என்னடா ஆச்சு?

“செட் ஆகலண்ணா.”

பொருந்தவில்லை, உறையவில்லை, பிடிக்கவில்லை, ஒத்துவரவில்லை... இவையெல்லாம் எந்த ஊருக்குக் குடிபோயின?