கண்ணாடிப் பெட்டிதான் நவீனமா?

மாத்தறையில் ருகுணு பல்கலைக்கழகத்தில் படிக்கும் தங்கச்சியின் மகளைப் பார்க்கப் போய், கட்டடங்களை வாய் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். "கம்பஸ்தானே மாமா, இதில என்ன இருக்கு?" என்று அவள் சிரித்தாள். தினமும் ஏறி இறங்குகிறவளுக்கு அப்படித்தான் இருக்கும்.

ருகுணுவின் இந்த வெல்லமடம வளாகம் ஜெப்ரி பாவாவின் வேலை. சட்டத்தரணியாக இருந்து, 38 வயதில் கட்டடக்கலைஞரானவர். கோட்டே நாடாளுமன்றமும் அவர் கட்டியதுதான். (அதற்குள் நடப்பதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.) ருகுணுவில் 1980களில் அவருக்குக் கிடைத்தது கடலோரக் குன்றுகள். அவற்றை டோசர் விட்டுத் தட்டையாக்காமல், இடையிலிருந்த பள்ளத்தில் நீரைத் தேக்கி ஏரியாக்கிவிட்டார். வீதிக்கும் வகுப்பறைக்கும் நடுவே தண்ணீர். குன்றுச் சரிவில் மரங்களுக்கிடையே சுமார் 50 கட்டடங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கூரை போட்ட நடைபாதை.

ஒரு படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்தேன். இடுப்பளவுச் சுவர், அதற்கு மேலே வெறும் தூண்கள், தலைக்கு மேல் ஓட்டுக் கூரை. மதியம் ஒரு மணி. கடற்காற்று குறுக்கே ஓடுகிறது, பக்கத்தில் ஒரு பிள்ளை நோட்ஸ் பறக்காமல் செருப்பை மேலே வைத்துப் படிக்கிறது. விலை கூடிய சாமான் என்று எதுவும் கண்ணில் படவில்லை. சாந்து பூசிய சுவர், கொங்கிறீட், ஓடு, அவ்வளவுதான். சில இடங்களில் பாசி படிந்து, பெயின்ற் உரிந்திருந்தது. பராமரிப்பு போதாது, சரி. ஆனால் காற்று நிற்கவில்லை.

இப்போது நம்ம திருகோணமலைக்கு வருவோம். எங்கே திரும்பினாலும் கடல், கச்சான் காற்று அடித்தால் கதவு உடைகிற ஊர். இங்கே எழும்புகிற புதுக் கட்டடங்களோ மேற்கு வெயிலைப் பார்த்தபடி நீலக் கண்ணாடி போட்டு நிற்கின்றன. அண்மையில் ஓர் அலுவலகத்தில் கரண்ட் போனது. ஏசி நின்று பத்து நிமிடத்தில் அதிகாரிகள் பைல்களோடு படிக்கட்டுக்கு வந்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துறைமுகம் பளிச்சென்று தெரிகிறது, ஜன்னல் மட்டும் திறக்காது.

காசில்லை என்று சொல்ல வேண்டாம். ருகுணுவும் அரசாங்கக் காசில் எழும்பியதுதான். கண்ணாடியும் ஏசியும் சும்மா வருவதில்லை, மாதாமாதம் பில்லும் வேறு. நம்ம ஊர்ப் பிரட்றிக் கோட்டைக்குள் இருக்கும் பழைய பங்களாக்களைப் பாருங்கள், வெள்ளைக்காரனுக்கே இந்த வெயிலுக்கு அகன்ற விறாந்தை வேண்டும் என்று விளங்கியிருக்கிறது. பாவா விறாந்தையையும் முற்றத்தையும் ஓட்டுக் கூரையையும் எடுத்து, அலங்காரத்தைக் கழித்து, நேர்கோட்டில் நிறுத்தினார். அதைத்தான் நவீனம் என்று உலகம் வந்து பார்க்கிறது. நாம் அலுமினியப் பலகை ஒட்டினால் நவீனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த முறை இங்கே யாராவது அடிக்கல் நட வந்தால், மாலை போடுவதற்கு முன் வரைபடத்தை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் எந்தப் பக்கம், அது திறக்குமா என்று கேளுங்கள்.