பாசம் இருந்தால் களைப்பு வராதா?

"டிமென்ஷியா (நினைவாற்றல் மங்கும் நோய்) வந்த பெற்றோரைப் பாசத்தோடு பார்ப்பவருக்குச் சோர்வே வராது, அலுத்துக்கொள்பவர் அன்பில்லாதவர்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயும் முன்பே, "எனக்கு யாரும் சோறு போடவில்லை" என்று அம்மா பக்கத்து வீட்டில் முறையிடுவார்; நள்ளிரவில் எழுந்து வாசல் தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருப்பார். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டால் யாருக்குமே உடலும் மனமும் தளரும். (இதை அனுப்புகிறவர்கள் ஓர் இரவு கண்விழித்துப் பார்க்கட்டும்.)

கோவாவில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிப்போய்ப் பராமரிப்பவர்களுக்கு நோயை விளக்கி, ஆலோசனை சொன்னார்கள். நோயாளிகளிடம் பெரிய மாற்றமில்லை. பராமரித்தவர்களின் மனநலம் மேம்பட்டது.

அரசின் டெலி மானஸ் மனநல ஆலோசனைக்கு 14416 எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள்.