அந்தக் குகைக் கல் ஆறுதல் சொல்லவில்லை

எல்லோரும் பகிரும் அந்த வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். அதில் பேசுகிறவர், "சைபீரியக் குகையில் ஸ்டாலக்மைட் (சொட்டு நீரால் குகைத் தரையிலிருந்து மேல்நோக்கி வளரும் கல்) வளர்ந்திருக்கிறது, பூமி முன்பும் சூடாகத்தான் இருந்தது, பயப்படாதீர்கள்" என்கிறார். கீழே நான் பதில் எழுதியதற்கு "கல்லைப் பார்த்து ஜோசியம் சொல்கிறவன்" என்று பட்டம். வலித்தது.

சரி, கல் என்னதான் சொல்கிறது? ஸ்டாலக்மைட் வளர, மேலிருந்து தண்ணீர் சொட்ட வேண்டும். மேலே நிலம் உறைந்து கிடந்தால் ஒரு சொட்டும் இறங்காது. கல் வளர்ந்தது என்றால் உறைநிலம் உருகியது என்று அர்த்தம். சைபீரியாவின் அந்த லெதியானயா லென்ஸ்காயா குகையில் கடைசியாகக் கல் வளர்ந்தது சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அன்றைய உலக வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறக்குறைய 1.5 டிகிரிதான் அதிகம் என்று 2013இல் ஆய்வுக் குழு கணக்கிட்டது. அந்த 1.5 டிகிரியை நாம் இப்போது நெருங்கிக்கொண்டிருக்கிறோம். இதில் பயப்படாமல் இருக்க என்ன இருக்கிறது?

வயதெல்லாம் ஊகம் என்பவர்களுக்கு: யுரேனியம் தண்ணீரில் கரையும், தோரியம் கரையாது. கல் உருவாகும்போது உள்ளே போவது யுரேனியம் மட்டும்தான். அது சிதைந்து சேர்ந்த தோரியத்தை அளந்தால் வயது வந்துவிடும். ஜோசியத்துக்கு இங்கே இடமே இல்லை. ஒரே ஒரு குகையா என்றால், வடகிழக்கு கிரீன்லாந்தில் 80 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது. இன்று உறைந்து வறண்டு கிடக்கும் அங்கேயும் ஐந்தரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் கல் வளர்ந்திருக்கிறது. "அப்போது தொழிற்சாலையே இல்லையே" என்பதற்கெல்லாம் பதில் எழுத இன்று தெம்பில்லை. கல் வளர்ந்தது, நிலம் உருகியது. அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வருடங்களுக்கு முன் நானும் ஒரு நண்பனும் ஒரு சுண்ணாம்புக்கல் குகைக்குள் போனோம். டார்ச்சை அணைத்துவிட்டு, ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடையே எண்ணினோம். இருபத்து மூன்று வரை போனது. ஈரமாக மின்னிய கல்லைத் தொடப் போனேன். "தொடாதே, கை எண்ணெய் பட்டால் அங்கே வளர்வது நின்றுவிடும்" என்று அவன்தான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

அதே ஆள்தான் "சரியாகச் சொன்னார்" என்று அந்த வீடியோவைப் பகிர்ந்திருக்கிறான். முன்பின் தெரியாதவர்கள் திட்டியதைத் தாங்கிக்கொள்வேன்.

பதிவை நீக்கு என்று கேட்கமாட்டேன்டா. ஆய்வுக் கட்டுரையை இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டுக் கூப்பிடு.