ஒன்பது வருஷம் குடிக்காத மாமா மறுபடி ஏன் குடித்தார்?

"இத்தனை வருஷம் விட்டவன் திரும்ப ஆரம்பிச்சுட்டானே, புத்தி வேண்டாமா?" சொந்தக்காரர்கள் போன மாதம் முழுக்க இதையே பேசினார்கள். பேச்சு என் தாய்மாமாவைப் பற்றி. ஒன்பது வருஷம் குடியைத் தொடாதவர். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நெடுநாள் விட்டவர்கள் மறுபடி விழும்போது நாம் உடனே மனவுறுதியைக் குறை சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. "அதான் குணமாயிடுச்சே" என்று சுற்றியிருக்கிறவர்கள் பேச்சை மூடிவிடுகிறோம் பாருங்கள், அதைத்தான் நான் பெரிய காரணமாகப் பார்க்கிறேன்.

முதல் வருஷம் அத்தை விருந்துகளிலிருந்து அவரைச் சீக்கிரம் கிளப்பிக்கொண்டு போவார். குடியை விட்டவர்களின் கூட்டத்துக்கும் மாமா தவறாமல் போனார். போகப்போக அது குறைந்தது. அப்புறம் அந்தப் பேச்சை எடுப்பதே மரியாதை இல்லை என்றாகிவிட்டது. பழசை ஏன் கிளறணும்? ஆனால் மூளை பழசை அப்படி விட்டுவிடுவதில்லை. பழகிய இடம், வாசம், ஆள், தாங்க முடியாத ஒரு துக்கம், ஏதாவது ஒன்று போதும். பல வருஷம் கழித்தும் ஆசை தலைதூக்கும்.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்பவர் 1970களில் ஆராய்ந்தார். ஊர் திரும்பிய பிறகு பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லை. பழகிய இடத்தையும் ஆட்களையும் விட்டு வந்ததை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். இங்கே சிங்கப்பூரில் நம் ஆட்களுக்கு அதற்கு வழி ஏது? சிகிச்சை முடிந்து வந்தால் அதே புளோக், அதே லிஃப்ட், கீழே பீரும் கிடைக்கிற அதே காப்பிக்கடை. 2015லிருந்து இரவு 10.30க்கு மேல் கடையில் பாட்டில் வாங்கிப் போக முடியாது, சரி. சாயங்காலம் ஆறு மணிக்குக் காப்பிக்கடையில் சொந்தக்காரர் ஊற்றிக் கொடுப்பதை எந்தச் சட்டம் தடுக்கும்?

மாமா விழுந்தது அப்படித்தான். பாட்டியை மண்டாயில் தகனம் செய்துவிட்டு வந்த அன்று, ஐஸ் கட்டி போட்ட கிளாஸில் பீரை ஊற்றி ஒருவர் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "ஒரு கிளாஸ்தானே, அம்மா போன அன்னைக்குக்கூட வேண்டாம்னா எப்படி?" நுரை அடங்குகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மேசையைச் சுற்றி எட்டுப் பேர். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அந்த ஒரு கிளாஸோடு நின்றிருக்கலாம். நிற்காததற்கும் காரணம் உண்டு. தவறி ஒருமுறை குடித்தவர் "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று நினைப்பதுதான் அந்தச் சறுக்கலை முழுக் குடியாக மாற்றுகிறது என்று ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் விளக்கியிருக்கிறார். மாமா சொன்னதும் அச்சு அசல் அதேதான். "ஒன்பது வருஷமும் வீணாப்போச்சுன்னு தோணுச்சும்மா. வெளியே சொல்ல வெட்கம்." அப்புறம் வாயில் மிண்ட்டைப் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் மறைத்தார்.

ஒன்பது வருஷம் எப்படி வீணாகும்? அந்த வருஷங்களில்தான் மகள் பாலிடெக்னிக் முடித்தாள். அத்தை நிம்மதியாகத் தூங்கினார். அதை யாராலும் அழிக்க முடியாது.

போதைப்பொருளை விட்டவர்கள் பாடு இன்னும் மோசம். மருத்துவரிடம் போய்ச் சொன்னால், அவர் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பயத்திலேயே மறைப்பார்கள். நெடுநாள் விட்டதில் உடம்பின் தாங்கும் சக்தியும் போயிருக்கும். ஹெராயினைப் பழைய அளவிலேயே எடுத்தால் மூச்சு நின்று உயிரே போகலாம். குடிக்கு அந்தச் சட்டப் பயம் இல்லை. புவாங்கோக் மனநலக் கழகத்தில் இதற்கென்றே சிகிச்சை இருக்கிறது, போய்ச் சொல்லலாம். மாமாவைத் தடுத்தது வீட்டுக்குள் நாம் வளர்த்த வெட்கம்.

இப்போது அவர் மறுபடி சிகிச்சைக்குப் போகிறார், அத்தையும் கூடப் போகிறார். "இந்த வாரம் குடிக்கணும்னு தோணுச்சா?" என்று அத்தை நேராகவே கேட்கிறார். சில வாரம் "ஆமா" என்கிறார் மாமா. அந்த "ஆமா"வைச் சொல்ல இத்தனை நாள் அவருக்கு ஓர் ஆள் இல்லை.

உங்கள் வீட்டிலும் விட்டவர் ஒருவர் இருந்தால், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, இந்தத் தீபாவளிக்கு முன்னால் அவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள்.