வேகம் மட்டும்தான் லைட் டாங்க்கின் கவசமா?
வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் ஆன்லைன் கேமில், எதிரியைக் கண்டுபிடித்துக் காட்டுகிற லைட் டாங்க் எடுத்தால் நிற்கவே கூடாது, வேகம்தான் கவசம் என்று ஒரு கட்டுரை சொல்வது பாதிதான் சரி. புரோகோரோவ்கா மாதிரி திறந்த வெளி மேப்பில் முதல் நிமிடமே எதிரி பக்கம் பாய்கிறவர் பெரும்பாலும் டாங்க்கை இழந்து கராஜுக்குத்தான் திரும்புகிறார், ஏனென்றால் 50 மீட்டருக்குள் போய்விட்டால் புதர், கேமோ (டாங்க்கின் மறைவுத்திறன்) எதுவும் காப்பாற்றாது. நான் டி-100 எல்டி என்ற லைட் டாங்க்கில் மேப்பின் நடுப் புதருக்குப் பின்னால் சுடாமல் சும்மா உட்கார்ந்திருப்பேன், நின்ற சில நொடிகளில் பைனாகுலர் வேலை செய்ய ஆரம்பிக்கும், எதிரிகள் ஒவ்வொருவராகத் தெரிவார்கள், சுடும் வேலையைப் பின்னால் இருக்கிற டிடிகள் (டாங்க் அழிப்பு வண்டிகள்) பார்த்துக்கொள்ளும். சுட்டே ஆக வேண்டுமென்றால் புதரிலிருந்து 15 மீட்டருக்கு மேல் பின்வாங்கிச் சுடுங்கள், பக்கத்தில் ஒட்டி நின்று சுட்டால் அந்தப் புதர் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். வேகத்துக்கு ஈபிஆர் என்ற சக்கர வண்டியை ஒருவர் உதாரணம் காட்டியிருக்கிறார், அது வேறு கதை, அதன் வேகத்தில் குறி வைப்பதே பெரும்பாடு. ஓட்டமெல்லாம் கடைசி ஐந்து நிமிடத்துக்கு, குண்டு ரீலோடில் மாட்டிய ஹெவி டாங்க்கைச் சுற்றி வரவும் தூரத்திலிருந்து சுடும் ஆர்ட்டியைத் (பீரங்கி வண்டியை) தேடிப் பிடிக்கவும், அப்போது ஹெச்பி (டாங்க்கின் உயிர்) மிச்சம் இருக்க வேண்டுமே!